கடல் கடந்து சகோதரரைத் தேடிச் சென்ற அசிசியார்



அக்டோபர் மாதம் திருச்சபைக்கு மறைபரப்பு மாதம். இந்த மாதத்தின் இறுதிக்கு முந்தைய ஞாயிறை மறைபரப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறோம். அன்று காணிக்கை எடுக்கிறோம். தூர நாடுகளில் பணியாற்றும் குருக்களுக்காகவும் அருள்சகோதரிகளுக்காகவும் மன்றாடுகிறோம். இதே மாதம் 4ஆம் நாள் அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாளும் வருகிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. பிரான்சிஸ் என்றதும் பறவைகளுக்குப் போதித்தவர், ஓநாயை அடக்கியவர், கிறிஸ்து பிறப்புக் குடிலை மக்களிடம் கொண்டு சென்றவர், ஐந்து காய வரம் பெற்றவர் என்றுதான் நினைக்கிறோம்.

ஆனால் அவருக்கு வேறொரு முகமும் உண்டு. தாம் தூர நாடுகளுக்கு அனுப்பிய சகோதரர்கள் பசியும் அடியும் படும்போது, தாம் மட்டும் சொந்த ஊரில் பாதுகாப்பாக இருப்பது முறையல்ல என்று எண்ணியவர் அவர். அதற்காகவே கடல் கடந்து சென்றார். அந்தப் பயணத்திற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது. அதைத்தான் இன்று சிந்திக்க இருக்கிறோம்.

துணி வணிகரின் மகன்

இத்தாலியின் அசிசி நகரில் 1181 அல்லது 1182இல் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே வசதி படைத்த துணி வணிகர். தாய் பீக்கா. குழந்தைக்குத் திருமுழுக்கில் யோவான் என்று பெயரிட்டார்கள். வணிகத்திற்காகப் பிரான்ஸ் நாடு சென்றிருந்த தந்தை, திரும்பி வந்ததும் பிரான்சிஸ் என்று பெயரை மாற்றினார். இளமையில் நண்பர் கூட்டம், விருந்து, பாட்டு என்று அவர் நாள்கள் கழிந்தன. வீரராக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1202இல் அசிசிக்கும் பெருஜியாவுக்கும் நடந்த போரில் பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தார்.

அதன்பின் அவர் உள்ளம் மெல்ல மாறியது. அருவருத்து ஒதுங்கிய தொழுநோயாளரை அணைத்துக்கொண்டார். புனித தமியானோ சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் முன் முழந்தாளிட்டு, இடிந்த ஆலயத்தைச் சீர்படுத்தும் அழைப்பை உணர்ந்தார். 1206இல் ஆயர் முன்னிலையில் தம் உடைகளையும் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையராய் வெளியேறினார்.

இரண்டு ஆண்டுகள் தனியாகவே இருந்தார். 1208இல் பெர்னார்து என்ற செல்வந்தர் தம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரோடு சேர்ந்தார். சட்டம் படித்த பீட்டர் கத்தானியும் வந்தார். 1209இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவர்களின் வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக இசைவு அளித்தபோது, அவர்கள் ஒரு சிறு குழுவாகவே இருந்தனர். அவர்களைப் பிரான்சிஸ் சீடர்கள் என்று அழைக்கவில்லை. சகோதரர்கள் என்றே அழைத்தார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டார் என்பதை அவருடைய பயணங்கள் காட்டுகின்றன.

பாதியில் முடிந்த இரு பயணங்கள்

இயேசு வாழ்ந்த நாட்டுக்குச் செல்லவும், இஸ்லாமியரிடையே நற்செய்தியை எடுத்துச் சொல்லவும் பிரான்சிஸ் தொடக்கத்திலிருந்தே ஏங்கினார். அது சிலுவைப்போர்க் காலம். கிழக்கு நோக்கிப் போனவர்களில் பலர் வாளோடு போனார்கள். பிரான்சிஸ் வெறுங்கையோடு போக விரும்பினார்.

1212இல் சிரியாவுக்குக் கப்பலேறினார். எதிர்க்காற்று கப்பலை அட்ரியாட்டிக் கடலின் மறுகரைக்கே தள்ளிவிட்டது. கிழக்கே போகும் கப்பல் அந்த ஆண்டு இனி இல்லை என்றாகிவிட்டது. ஊர் திரும்பவோ கையில் காசு இல்லை. மாலுமிகள் ஏற்ற மறுத்ததால், அவரும் உடன் சென்ற சகோதரரும் அங்கோனா செல்லும் கப்பலில் ஒளிந்து ஏறினர். வழியில் புயல் அடித்து, கப்பலில் உணவு தீர்ந்தது. அந்த இருவருக்காக நல்லவர் ஒருவர் கொடுத்தனுப்பிய உணவே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது என்று, அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர் தாமஸ் பதிவு செய்துள்ளார்.

அடுத்து ஸ்பெயின் வழியாக மொரோக்கோ செல்லப் புறப்பட்டார். உடன் வந்தவரைப் பின்னே விட்டுவிட்டு முன்னால் ஓடும் அளவுக்கு அவருக்கு ஆர்வம். ஆனால் ஸ்பெயினில் கடும் நோய் தாக்கியது. மீண்டும் திரும்பினார். இரண்டு முறை புறப்பட்டும் இரண்டு முறையும் போய்ச் சேரவில்லை. ஆண்டவர் அவருக்கு இன்னும் வேறொரு பாடத்தைக் கற்பிக்க இருந்தார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

அனுப்பியவர் வீட்டில் இருக்கலாமா?

சகோதரர்களின் எண்ணிக்கை பெருகியது. 1217ஆம் ஆண்டு தூய ஆவி பெருவிழாவையொட்டி, அசிசிக்கு அருகே போர்சியுங்குலாவில் கூடிய சபைப் பேரவை ஒரு பெரிய முடிவை எடுத்தது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் சகோதரர்களை அனுப்புவது என்பதே அது. சிரியாவுக்குச் சகோதரர் எலியா அனுப்பப்பட்டார்.

அனைவரையும் அனுப்பி முடித்தபின், பிரான்சிசின் மனம் அமைதி கொள்ளவில்லை. மற்றவர்களைப் பசிக்கும் இழிவுக்கும் அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் இங்கே தங்குவது சரியாகாது என்று சகோதரர்களிடம் சொன்னார். தாமும் புறப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டால், அவர்கள் தங்கள் துன்பங்களை இன்னும் பொறுமையாகத் தாங்குவார்கள் என்றும் சொன்னார். தமக்குப் பிரான்ஸ் நாட்டைத் தேர்ந்துகொண்டார். அங்கே மக்கள் நற்கருணை ஆண்டவர்மீது மிகுந்த பக்தி கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

பிளாரன்ஸ் நகர் வரை சென்றார். அங்கே அவரிடம் அன்பு கொண்டிருந்த கர்தினால் உகோலினோ தடுத்தார். இத்தாலியில் சபைக்கு எதிர்ப்பாளர்கள் இருந்தனர்; தலைவர் இல்லாவிட்டால் சபை சிதறும் என்று அவர் அஞ்சினார். சகோதரர்களை இவ்வளவு தொலைவுக்கு அனுப்பித் துன்பப்படவிட்டது ஏன் என்றும் கடிந்துகொண்டார். தாம் மட்டும் இருந்துவிட்டு மற்றவர்களை அனுப்புவது தமக்கு வெட்கம் என்று பிரான்சிஸ் பதில் சொன்னார். ஆண்டவர் இந்தச் சகோதரர்களை இந்த நாட்டுக்காக மட்டும் தேர்ந்துகொள்ளவில்லை, உலகம் முழுவதற்குமாகத் தேர்ந்துகொண்டார் என்றும் எடுத்துரைத்தார். இருந்தாலும் கீழ்ப்படிந்து திரும்பினார். அவருக்குப் பதிலாக, முன்பு புகழ்பெற்ற பாவலராக இருந்த சகோதரர் பசிபிக்கோ சென்றார்.

கர்தினாலின் அச்சம் வீண்போகவில்லை. ஜெர்மனிக்கு ஏறக்குறைய 60 சகோதரர்கள் சென்றிருந்தனர். ஜெர்மன் மொழி தெரியாது. உணவு வேண்டுமா, தங்க இடம் வேண்டுமா என்று கேட்டவர்களிடம் 'ஆம்' என்று பொருள்படும் ஒரே சொல்லைச் சொல்லப் போக, நல்ல வரவேற்பு கிடைத்தது. எந்தக் கேள்விக்கும் இந்தச் சொல்லே போதும் என்று எண்ணிவிட்டார்கள். நீங்கள் தப்பறைக்காரர்களா என்று கேட்டபோதும் அதையே சொன்னார்கள்! அடித்தார்கள், உடையைக் களைந்தார்கள், சிறையில் தள்ளினார்கள். ஹங்கேரிக்குப் போனவர்கள்மீது ஆயர்குலத்தார் நாய்களை ஏவினார்கள், கம்பால் தாக்கினார்கள். மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தும் அடி நிற்கவில்லை. நொந்துபோய்த் திரும்பி வந்தார்கள்.

இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் பிரான்சிசை எவ்வளவு வாட்டியிருக்கும்! அனுப்பியவர் அவர்தானே!

அக்ராவில் ஒரு சந்திப்பு

1219ஆம் ஆண்டுப் பேரவையில் மீண்டும் சகோதரர்கள் தூர நாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு குழு மொரோக்கோவுக்குப் புறப்பட்டது. சகோதரர் ஜைல்ஸ் தூனிஸ் சென்றார். இம்முறை பிரான்சிஸ் யாருக்காகவும் நிற்கவில்லை. பீட்டர் கத்தானியை உடன் அழைத்துக்கொண்டு, அந்தக் கோடையில் கிழக்கே கப்பலேறினார்.

பாலஸ்தீனக் கரையில் அக்ரா என்னும் துறைமுக நகர் அப்போது கிறிஸ்தவர் கையில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பகுதியில் உழைத்துவந்த எலியாவை அவர் கண்டார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கும் ஒரு மறைப்பணியாளருக்கு, சபையை நிறுவியவரே வந்து நிற்பது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். எலியாவின் உழைப்பு வீணாகவும் இல்லை. ஜெர்மனியின் ஸ்பையர் நகரைச் சேர்ந்த செசார் என்ற கற்றறிந்த குரு, அவருடைய போதனையைக் கேட்டு அங்கேயே சபையில் சேர்ந்திருந்தார். அக்ரா ஆயர் ஜாக் தெ வித்ரியின் குருக்களில் சிலரும் தங்கள் பதவிகளை விட்டு இந்த ஏழைச் சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆயரே தம் கடிதத்தில் இதைச் சற்று வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார்.

எதிரியின் கூடாரத்தில்

அக்ராவிலிருந்து பிரான்சிஸ் எகிப்துக்குச் சென்றார். நைல் நதியின் முகத்துவாரத்தில் இருக்கும் தமியெத்தா நகரைச் சிலுவைப்போர்ப் படை 1218 முதல் முற்றுகையிட்டிருந்தது. படைமுகாமில் நோயும் பசியும் நிறைந்திருந்தன. ஆகஸ்ட் 29ஆம் நாள் பெரும் தாக்குதலுக்குப் படை தயாரானபோது, இதில் தோல்வியே வரும் என்று பிரான்சிஸ் எச்சரித்தார். கேலி செய்தார்கள். அன்று மாலைக்குள் ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டுபோனார்கள்.

அதன்பின் சண்டை ஓய்ந்திருந்த நாள்களில், சகோதரர் இலுமினாத்தோவை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் எதிரியின் எல்லைக்குள் நடந்தார். திருத்தந்தையின் தூதராக இருந்த கர்தினால் பெலாஜியுஸ் தயங்கினார், இறுதியில் தடுக்கவில்லை. காவல் வீரர்கள் பிடித்து அடித்தார்கள். இருவரும் சுல்தான் மாலிக் அல்-காமில் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். இவர் புகழ்பெற்ற சலாவுதீனின் தம்பி மகன்.

உயிரோடு திரும்புவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சுல்தான் அவரை மரியாதையோடு ஏற்றுச் செவிகொடுத்தார். பிரான்சிசும் தம் விசுவாசத்தை மறைக்காமல், அவருடைய மதத்தை இழித்துப் பேசாமல், கிறிஸ்துவை அறிவித்தார். சுல்தான் மனம் மாறித் திருமுழுக்குப் பெறவில்லை. பிரான்சிஸ் விரும்பிய மறைசாட்சி மரணமும் கிடைக்கவில்லை. அவர் கொடுத்த பரிசுகளைப் பிரான்சிஸ் ஏற்கவில்லை. சுல்தான் அவரைப் பாதுகாப்போடு திருப்பி அனுப்பினார்.

உலகக் கணக்கில் இது தோல்வி. ஆனால் வாளேந்திய இரு படைகளுக்கு நடுவே, இரண்டு மனிதர்கள் சில நாள்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். நவம்பர் 5ஆம் நாள் சிலுவைப்போர்ப் படை தமியெத்தாவைப் பிடித்தது. உள்ளே போனவர்கள் கண்டது, பசியாலும் நோயாலும் செத்துக் கிடந்த மக்களை. இரண்டே ஆண்டுகளில், 1221இல், அந்த நகரும் கைநழுவிப் போனது. பிரான்சிஸ் சுல்தானைச் சந்தித்த நிகழ்ச்சியோ எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நினைக்கப்படுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அதன் 800ஆம் ஆண்டான 2019 பிப்ரவரியில் அபுதாபி சென்று, அல்-அசார் தலைமை இமாமுடன் மனித உடன்பிறப்பு உணர்வு பற்றிய ஆவணத்தில் கையெழுத்திட்டதும், 2020 அக்டோபர் 3இல் அசிசியார் கல்லறையின் முன் 'அனைவரும் உடன்பிறப்புகள்' என்ற சுற்றுமடலில் கையெழுத்திட்டதும் இந்த வழியில் வந்தவையே.

தட்டில் இறைச்சியும் கையில் புதிய சட்டமும்

பிரான்சிஸ் அக்ராவுக்குத் திரும்பியிருந்தார். ஊரில் அவர் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியிருந்தது. அவர் பொறுப்பில் விட்டுச் சென்ற இரண்டு பதிலாளர்கள், சகோதரர்களுக்குப் புதிய நோன்புச் சட்டங்களை விதித்திருந்தார்கள். இதைப் பொறுக்காத ஒரு சகோதரர், யாருடைய அனுமதியுமின்றிக் கப்பலேறி அவரைத் தேடி வந்துவிட்டார்.

அவர் வந்த நேரம் பிரான்சிசும் பீட்டர் கத்தானியும் உணவுக்கு அமர்ந்திருந்தார்கள். முன்னால் இறைச்சி இருந்தது. புதிய சட்டப்படி அன்று இறைச்சி உண்ணக் கூடாது! பிரான்சிஸ் பீட்டரைப் பார்த்து, ஐயா, என்ன செய்வோம் என்று கேட்டார். பீட்டர் கற்றவர் என்பதால் அவரை எப்போதும் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார். பீட்டரோ அதே மரியாதையோடு, அதிகாரம் உங்களிடம்தானே இருக்கிறது என்றார். அப்படியானால் நற்செய்தி சொல்கிறபடி நம்முன் வைத்ததை உண்போம் என்று முடிவு செய்தார் பிரான்சிஸ். சட்டத்தை மதிக்காதவர் அல்ல அவர். ஆனால் வழிப்போக்கராக, பிறர் தருவதை உண்டு வாழ வேண்டிய மறைப்பணியாளருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது, வழியில் நடந்து பார்த்த அவருக்குத் தெரிந்திருந்தது. அனுப்பப்பட்டவரின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்காமல், அவருக்குச் சட்டம் எழுதக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

1220இல் பீட்டர் கத்தானி, எலியா, செசார் ஆகியோரையும் உடன் அழைத்துக்கொண்டு பிரான்சிஸ் இத்தாலி திரும்பினார். சபையில் குழப்பம் இருந்தது. கர்தினால் அஞ்சியது நடந்தே விட்டது. அன்று தம்மைத் தடுத்த அதே கர்தினால் உகோலினோவைச் சபையின் பாதுகாவலராகத் தரும்படி திருத்தந்தையிடம் அவரே கேட்டுப் பெற்றார். பின்னர் தலைமைப் பொறுப்பைப் பீட்டர் கத்தானியிடம் ஒப்படைத்துவிட்டுச் சாதாரணச் சகோதரராக நின்றார். பீட்டர் 1221 மார்ச் மாதம் இறந்துபோகவே, எலியா பொறுப்பேற்றார்.

மொரோக்கோவிலிருந்து வந்த செய்தி

பிரான்சிஸ் கிழக்கே இருந்தபோது, மொரோக்கோவுக்கு அனுப்பப்பட்ட சகோதரர்களில் ஐவர் 1220 ஜனவரி 16ஆம் நாள் மராகேஷ் நகரில் கொல்லப்பட்டார்கள். பெரார்து, பீட்டர், ஓத்தோ, அக்கூர்சியோ, அத்யூத்தோ என்பன அவர்களின் பெயர்கள். அவர்களைப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு பிரான்சிசுக்குக் கிடைக்கவே இல்லை.

அவர்களின் வீரத்தை விவரிக்கும் எழுத்து ஒன்று சகோதரர்களிடையே வாசிக்கப்பட்டது. அதில் பிரான்சிசுக்கும் புகழ்மாலை இருந்தது. ஒவ்வொருவரும் தம்தம் பாடுகளில் பெருமை கொள்ளட்டும், பிறர் பாடுகளில் வேண்டாம் என்று சொல்லி அந்த வாசிப்பை அவர் நிறுத்திவிட்டார். தூரத்தில் மரித்த நண்பர்களின் இரத்தத்தைக் காட்டித் தம் சபைக்குப் பெயர் தேட அவர் விரும்பவில்லை.

ஆனால் அந்த இரத்தம் வீணாகவில்லை. மறைசாட்சிகளின் உடல்கள் போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிரா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே புனித அகுஸ்தீன் சபையில் இருந்த பெர்னாந்தோ என்ற இளம் துறவியின் உள்ளம் பற்றி எரிந்தது. அவர் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, அந்தோனி என்ற பெயர் பெற்று, மொரோக்கோவுக்கே கப்பலேறினார். அங்கே நோயுற்றுத் திரும்பும்போது காற்று அவர் கப்பலைச் சிசிலித் தீவுக்குத் தள்ளியது. அவர்தான் நாம் செவ்வாய்க்கிழமைதோறும் நாடி வேண்டும் பதுவைப் பதியர் புனித அந்தோனியார்!

யாரையும் கட்டாயப்படுத்தவில்லை

1221ஆம் ஆண்டு தூய ஆவி பெருவிழாப் பேரவைக்கு ஆயிரக்கணக்கான சகோதரர்கள் வந்திருந்தார்கள். பிரான்சிஸ் மிகவும் தளர்ந்திருந்தார். எலியாவின் காலடியில் அமர்ந்து, எதையாவது சொல்ல வேண்டுமானால் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொல்வார். எலியா அதை எல்லாருக்கும் அறிவிப்பார்.

பேரவை முடியும் வேளையில் அப்படி ஒருமுறை இழுத்தார். ஜெர்மனியை மறந்துவிட்டோமே என்பதே அவர் கவலை. முன்பு அங்கே சகோதரர்கள் பட்ட பாடு அனைவருக்கும் தெரியும்; ஆகவே யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பி எழுபவர்கள் எழலாம் என்று அறிவிக்கச் சொன்னார். ஏறக்குறைய 90 பேர் எழுந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜியானோ ஊர் ஜோர்தான் என்ற சகோதரரும் இருந்தார். ஜெர்மனி என்றாலே அவருக்கு நடுக்கம். எழுந்து நின்றவர்கள் எப்படியும் மறைசாட்சிகள் ஆகிவிடுவார்கள், அப்போது இவர்களை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று, ஒவ்வொருவராகச் சென்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் வேடிக்கையாகப் பேசும் ஒருவர் இவர் கையைப் பிடித்து, நீயும் எங்களோடுதான் என்று உட்காரவைத்துவிட்டார். கடைசியில் ஜோர்தானும் போக வேண்டியதாயிற்று! செசார் தலைமை தாங்கிச் சென்ற அந்தக் குழு ஜெர்மனியில் நிலைபெற்றது. முதுமையில் ஜோர்தான் தாமே இதையெல்லாம் எழுதிவைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குழுவை நடத்திச் சென்ற செசார், எலியா சிரியாவில் சபையில் சேர்த்தவர். பிரான்சிஸ் தம் பயணத்தின் முடிவில் உடன் அழைத்து வந்தவர். ஒரு நண்பரைப் பார்க்கப் போன பயணம், மூடிக்கிடந்த வேறொரு நாட்டின் கதவைத் திறந்தது.

கண்ணொளியே விலையானது

பிரான்சிஸ் எகிப்திலிருந்து கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, ஓர் அனுபவம். 1221இல் எழுதப்பட்ட சபை ஒழுங்கில், இஸ்லாமியரிடையே செல்லும் சகோதரர்களுக்கென ஓர் அதிகாரமே இடம்பெற்றது. வாக்குவாதமோ சண்டையோ இன்றி, அனைவருக்கும் பணிந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று வாழ்ந்து காட்டுவது முதல் வழி. இறைவனுக்கு விருப்பம் எனக் காணும்போது நற்செய்தியை வாயால் அறிவிப்பது இரண்டாம் வழி. மாலைதோறும் ஓர் அறிவிப்பாளர் வழியாக மக்களை இறைப்புகழ்ச்சிக்கு அழைக்கும்படி ஆட்சியாளர்களுக்கு அவர் ஒரு கடிதமும் எழுதினார். எகிப்தில் கேட்ட தொழுகை அழைப்பின் தாக்கம் இதில் இருப்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

மற்றொன்று, கண்நோய். அது அவர் பார்வையைச் சிறிது சிறிதாகப் பறித்தது. வெளிச்சம் பட்டால் கண் எரியும். காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சுட்டும் பயனில்லை. 1224இல் லாவெர்னா மலையில் ஐந்து காயங்களைப் பெற்றார். அடுத்த ஆண்டு, பார்வை மங்கிய நிலையில்தான், படைப்பு அனைத்திற்காகவும் இறைவனைப் புகழும் பாடலை இயற்றினார்.

1226இல் மரணம் நெருங்கியது. உரோமையில் வாழ்ந்த ஜாக்கோபா என்ற கைம்பெண் அவருடைய நெருங்கிய தோழி. அவரைப் பார்க்க விரும்பி ஒரு கடிதம் எழுதச் சொன்னார். கடிதம் புறப்படுமுன்னே ஜாக்கோபா வாசலில் வந்து நின்றார்! அடக்கத்திற்குத் துணி, மெழுகு, பிரான்சிசுக்குப் பிடித்த வாதுமைப் பலகாரத்திற்கு வேண்டியவை, எல்லாம் கொண்டுவந்திருந்தார். பெண்கள் நுழையக் கூடாத இடம் அது. ஆனால் ஜாக்கோபாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி உள்ளே வரச் செய்தார். பலகாரத்தில் சிறிதளவே அவரால் உண்ண முடிந்தது. உடனே முதல் தோழர் பெர்னார்து நினைவுக்கு வர, அவரை வரவழைத்து உண்ணச் செய்து, ஆசீர் வழங்கினார். நண்பர்களைத் தேடிக் கடல் கடந்தவரை, இறுதி நாள்களில் நண்பர்கள் தேடி வந்தார்கள். அக்டோபர் 3ஆம் நாள் மாலை போர்சியுங்குலாவில் இறைவனடி சேர்ந்தார். 1228 ஜூலை 16இல் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வேறு யாருமல்லர். பிளாரன்சில் அவரைத் தடுத்து நிறுத்திய அதே கர்தினால் உகோலினோதான்.

நாம் என்ன செய்யலாம்?

அன்பார்ந்தவர்களே, பவுல் தாம் நற்செய்தி அறிவித்த நகர்களிலுள்ள சகோதரர் எப்படி இருக்கிறார்கள் என்று மீண்டும் போய்ப் பார்க்க பர்னபாவை அழைத்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அசிசியார் செய்ததும் அதுதான். போய்ப் பார்ப்பது மறைப்பணிக்கு வெளியே உள்ள ஒன்றல்ல, அதுவும் மறைப்பணியே.

நம் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். வட மாநிலங்களின் மலைக் கிராமங்களிலும், ஆப்பிரிக்க நாடுகளிலும், வேறு பல நாடுகளிலும் நம் மண்ணில் பிறந்த குருக்களும் கன்னியரும் உழைக்கிறார்கள். மொழி புரியாத முதல் ஆண்டு அவர்களுக்கும் உண்டு. குருப்பட்டத்தன்று மாலையிட்டுப் படம் பிடித்தோம், வழியனுப்பினோம். அதன்பின் அவர்கள் விடுமுறையில் வரும்போது மட்டும் நலம் விசாரிக்கிறோம். அவர்கள் பெற்றோரின் வீட்டு வாசலை மிதித்து எத்தனை நாள் ஆயிற்று?

எல்லாராலும் கப்பலோ விமானமோ ஏற முடியாது. பிரான்சிசாலும் இருமுறை முடியவில்லை. ஆனால் முடிந்தவர்கள் போகலாம். பங்கு மக்கள் சிலர் சேர்ந்து, திருயாத்திரைக்குப் பணம் சேர்ப்பது போலச் சேர்த்து, நம் ஊர் மறைப்பணியாளர் ஒருவரின் தளத்தைப் போய்ப் பார்த்து வரலாம். சுற்றிப் பார்க்க அல்ல. அவர் உண்பதை உண்ண, அவர் நடக்கும் வழியில் நடக்க, அவர் நேசிக்கும் மக்களைக் காண. போக முடியாதவர்கள் இந்த வாரமே ஒரு கடிதம் எழுதலாம், தொலைபேசியில் பேசலாம், பெற்றோரைச் சந்திக்கலாம். மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் இடும் காணிக்கையோடு, நாம் அறிந்த ஒரு மறைப்பணியாளரின் பெயரையும் நெஞ்சில் ஏந்திச் செல்வோம்.

அனுப்பிவிட்டு மறந்துபோகாத உள்ளத்தைப் புனித பிரான்சிஸ் அசிசியார் நமக்குப் பெற்றுத் தருவாராக! ஆமென்.